கை தொட்டால் மனம் துணியும்

(சங்கத்தின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற கல்வி அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

சங்கம் கடந்து வந்த பாதையைப் பற்றி எனக்கு முன் பேசிய பெரியவர்கள் சிறப்பாக எடுத்துரைத்தார்கள். எனக்குத் தரப்பட்ட தலைப்பு வரப்போகும் நாட்களைப் பற்றியது. அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய நான்கையும் சேர்த்துப் பள்ளிகளில் 'ஸ்டெம்' என்கிறார்கள். அந்தத் துறைகளில் பிள்ளைகள் தம் கையாலேயே செய்து பார்க்கும் நிகழ்ச்சிகள் அவர்களுக்கு என்ன தருகின்றன, அதற்கு நம்மைப் போன்ற சிறிய ஊர்ச் சங்கம் என்ன செய்யலாம் என்பதைச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள்.

நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் ஒரு வார்த்தை உண்டு: "எனக்கு சயன்ஸ் வராது." பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் இதைச் சொல்கிறார்கள். சொல்லும்போது அது சின்னப் பேச்சாகத்தான் தெரிகிறது. ஆனால் படிவம் நான்கில் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது அதே வார்த்தை கதவைச் சாத்திவிடுகிறது. இயற்பியலும் வேதியியலும் கூடுதல் கணிதமும் எடுக்காத பிள்ளை பிறகு மருத்துவராகவோ பொறியியலாளராகவோ ஆய்வுக்கூடத் தொழில்நுட்பராகவோ வர நினைத்தால் வழி மிகவும் சுற்றுவழியாகிவிடும்.

இது நம் சமுதாயத்துக்கு மட்டும் உள்ள குறை அல்ல. அறுபது விழுக்காட்டு மாணவர்கள் அறிவியல் பயில வேண்டும், நாற்பது விழுக்காட்டினர் கலைத்துறை பயில வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டில் 1967இல் பரிந்துரைக்கப்பட்டு 1970இல் நடைமுறைக்கு வந்தது. அரை நூற்றாண்டு கடந்தும் அந்த இலக்கு எட்டப்படவில்லை. 2020 முதல் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய பிரிவினையும் எடுக்கப்பட்டுவிட்டது. இனி எந்தப் பாடத்தை எடுப்பது என்பதில் பிள்ளையின் சொந்த விருப்பத்துக்கு முன்பைவிட அதிக இடம் இருக்கிறது. அப்படியானால் அந்தப் பிள்ளை தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்பதும் முன்பைவிட முக்கியமாகிறது.

தன்னம்பிக்கை எங்கிருந்து வருகிறது? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் ஆல்பர்ட் பாண்டுரா 1977இல் இதைப் பற்றி எழுதினார். "என்னால் முடியும்" என்ற எண்ணத்துக்கு அவர் நான்கு ஊற்றுகளைச் சொன்னார். தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம் முதலாவது. தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது இரண்டாவது. "உன்னால் முடியும்" என்று பிறர் ஊக்கமூட்டுவது மூன்றாவது. அச்சமோ பதற்றமோ இல்லாத உடல், மனநிலை நான்காவது. இவற்றுள் வலிமை மிக்கது முதலாவது என்றார்.

நாம் பெரும்பாலும் மூன்றாவதை மட்டுமே செய்கிறோம். ஊக்கமூட்டும் பேச்சாளரை அழைக்கிறோம், கைதட்டுகிறோம், வீடு திரும்புகிறோம். நானும் இப்போது பேசிக்கொண்டுதான் இருக்கிறேன் என்பது எனக்குத் தெரியும்! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிக் கோலாலம்பூருக்கு அழைத்துச் சென்று தேசிய அறிவியல் மையத்தையும் பெட்ரோசைன்ஸையும் காட்டுகிறோம். நல்ல காரியம், தொடர வேண்டும். ஆனால் ரசிப்பது வேறு, அது என்னுடையது என்று உணர்வது வேறு. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பேராசிரியர் லூயிஸ் ஆர்ச்சர் தலைமையில் நடந்த 'ஆஸ்பயர்ஸ்' என்ற நீண்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. 10 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளில் பெரும்பாலோர் அறிவியல் பாடம் பிடித்திருக்கிறது என்றார்கள். ஆனால் அறிவியலாளராக வேண்டும் என்று விரும்பியவர்கள் சுமார் 15 விழுக்காட்டினர்தாம். எஞ்சியவர்கள் அறிவியலை வெறுக்கவில்லை. அது தங்களைப் போன்றவர்களுக்கு உரியதல்ல என்று நினைத்தார்கள். வீட்டில் அறிவியலைப் பற்றிப் பேசுகிற குடும்பத்தில், அந்தத் துறையில் வேலை செய்கிற ஒருவரையாவது அறிந்த குடும்பத்தில், பிள்ளையின் எண்ணம் மாறியிருந்தது. எனவே இது பள்ளிக்கூடத்தின் வேலை மட்டும் என்று நாம் கைகழுவ முடியாது.

கைகளில் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். கரூர் மாவட்டம் பள்ளப்பட்டி நம்மில் பலர் அறிந்த ஊர். அவ்வூரைச் சேர்ந்த ரிஃபாத் ஷாரூக் என்ற இளைஞர், சென்னையில் ஸ்ரீமதி கேசன் நடத்தும் 'ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா' அமைப்பில் நண்பர்களோடு சேர்ந்து ஒரு சின்னஞ்சிறு செயற்கைக்கோளை உருவாக்கினார். அப்போது அவருக்கு வயது 18. அதன் எடை 64 கிராம், அதாவது ஒரு பெரிய கோழிமுட்டையின் எடை. அப்துல் கலாம் அவர்களின் நினைவாக 'கலாம்சாட்' என்று பெயரிட்டார்கள். 2017 ஜூன் 22ஆம் நாள் அமெரிக்காவின் வாலப்ஸ் தீவிலிருந்து நாசாவின் ஆய்வு ராக்கெட் அதைச் சுமந்து சென்றது. பூமியைச் சுற்றிவரவில்லை, மேலே போய்ச் சிறிது நேரம் விண்வெளியைத் தொட்டுத் திரும்பிய பயணம் அது. 2019 ஜனவரியில் அதே குழுவின் அடுத்த கலாம்சாட் இந்தியாவின் பிஎஸ்எல்வி ராக்கெட்டில் சென்று சுற்றுப்பாதையை அடைந்தது.

அதைவிட என்னைக் கவர்ந்தது அடுத்து நடந்தது. இந்திய விடுதலையின் 75ஆம் ஆண்டையொட்டி, அரசுப் பள்ளிகளில் படிக்கும் மாணவிகளைக் கொண்டே ஒரு செயற்கைக்கோள் செய்ய இந்த அமைப்பு முடிவெடுத்தது. 75 பள்ளிகள், 750 மாணவிகள். மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி மாணவிகளும் அவர்களுள் இருந்தார்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் சுமார் 50 கிராம் எடையுள்ள ஒரு சிறு கருவி. அந்தப் பெண்பிள்ளைகள் கற்றுக்கொண்டு தங்கள் கருவிகளைச் செய்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்து 'ஆசாதிசாட்' உருவானது.

2022 ஆகஸ்ட் 7ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோவின் புதிய சிறிய ராக்கெட்டில் அது புறப்பட்டது. ராக்கெட்டில் ஏற்பட்ட உணர்கருவிக் கோளாறால் செயற்கைக்கோள் சரியான பாதையில் விடப்படவில்லை. அது நிலைக்காமல் போயிற்று. அத்தனை மாதங்களின் உழைப்பு ஒரே காலையில் கைவிட்டுப் போனது.

அத்தோடு முடிந்திருந்தால் அந்த 750 பேருக்கும் அது கசப்பான நினைவாகத்தான் இருந்திருக்கும். ஆனால் முடியவில்லை. என்ன தவறு என்று இஸ்ரோ ஆராய்ந்தது, திருத்தியது. இவர்கள் இரண்டாவது செயற்கைக்கோளை ஆயத்தம் செய்தார்கள். ஆறே மாதத்தில், 2023 பிப்ரவரி 10ஆம் நாள், 'ஆசாதிசாட்-2' 450 கிலோமீட்டர் உயரத்தில் தன் பாதையில் நின்றது.

பெற்றோர்களே, அந்த ஆறு மாதங்களை எண்ணிப் பாருங்கள். தேர்வில் தவறான விடை எழுதினால் சிவப்புக் கோடு விழுகிறது. விஷயம் அங்கேயே முடிந்துவிடுகிறது. கையால் செய்யும் வேலையில் தவறு என்பது அடுத்த வேலையின் தொடக்கம். ஏன் நடக்கவில்லை என்று தேடு, ஒன்றை மாற்று, மறுபடி செய். இதை ஒரு முறை தானே கடந்து வந்த பிள்ளை "எனக்கு வராது" என்று சொல்லாது. "இன்னும் வரவில்லை" என்று சொல்லும்.

இதற்கு ராக்கெட் வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. 2022 நவம்பர் 28ஆம் நாள் திருச்சியில் தொடங்கப்பட்ட 'வானவில் மன்றம்' திட்டத்தில், தமிழ்நாட்டின் பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு எளிய பொருள்களைக் கொண்டு அறிவியலும் கணிதமும் செய்து காட்டப்படுகின்றன, செய்யவும் வைக்கப்படுகிறார்கள். நம் நாட்டில் டாக்டர் முகமது யூனுஸ் யாசின் தலைமையில் இயங்கிய 'அஸ்டி' என்ற அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்கச் சங்கம், தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்காக அறிவியல் விழாக்களை நடத்தி வந்திருக்கிறது. பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகள் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, சோதனை செய்து, நடுவர்கள் முன் நின்று தாங்கள் கண்டதை விளக்குகிறார்கள். அந்த வயதில் முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் கேட்கும் கேள்விக்கு, மனப்பாடம் செய்யாத பதிலைச் சொல்வது சாதாரணம் அல்ல.

இப்போது நம் ஊருக்கு வருவோம். சுங்காய் ஆய்வுக்கூடம் இல்லாத ஊரா? நம் பாட்டன்மார் காலத்திலேயே இங்கே தோட்டம் தோட்டமாக ஆய்வுக்கூடங்கள் இருந்தன. அந்தப் பெயரில் அழைக்கவில்லை, அவ்வளவுதான்.

பால்மரம் வெட்டியவர்கள் விடியுமுன் ஏன் மரத்துக்குப் போனார்கள்? வெயில் ஏற ஏற இலைகள் வழியே நீர் ஆவியாகி, பட்டைக்குள் பால் குழாய்களில் உள்ள அழுத்தம் குறைந்துவிடும். பால் ஓட்டமும் குறையும். கோடு ஏன் இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சரிந்து போனது? பால் குழாய்கள் பட்டையில் நேராக ஏறாமல் சற்றே சாய்ந்து ஏறுகின்றன. அப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். மங்கில் வடிந்த பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். ஸ்டோரில் மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் விட்டு அதைக் கணக்கிட்டார்கள். ஆசிட் சேர்த்தால் பால் உறையும். அம்மோனியா சேர்த்தால் உறையாமல் நிற்கும். இது முழுக்க முழுக்க உயிரியலும் வேதியியலும் இயற்பியலும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று நாம் நினைத்தவர்கள், மரப்பட்டையில் உயிரடுக்கைக் காயப்படுத்தாமல் நூலளவு விட்டு வெட்டத் தெரிந்தவர்கள். அந்தத் தோட்டங்களில் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. தெரிந்தவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை ஒரு நாள் பிள்ளைகள் முன் உட்கார வைத்துக் கேட்க வேண்டும்.

பால்மரம் கிடைக்காவிட்டால் வீட்டில் பசும்பால் இருக்கிறது. எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். எத்தனையாவது சொட்டில் திரிகிறது, சூடான பாலில் எப்படி, ஆறிய பாலில் எப்படி என்று பிள்ளை எண்ணி எழுதட்டும். பாட்டனார் ஸ்டோரில் பார்த்ததையும் பேரப்பிள்ளை அடுப்படியில் பார்ப்பதையும் ஒரே பாடம் விளக்கும்.

நம்மவர்களின் உணவகங்கள் இருக்கின்றன. ரொட்டி சானாய் மாவைப் பிசைந்து உருட்டி எண்ணெய் தடவி ஏன் ஊற வைக்கிறோம்? ஒரே எடையில் மூன்று உருண்டை எடுங்கள். ஒன்றை உடனே வீசுங்கள், ஒன்றை ஒரு மணி நேரம் கழித்து, ஒன்றை நான்கு மணி நேரம் கழித்து. எது கிழியாமல் எவ்வளவு அகலம் விரிகிறது என்று அளந்து எழுதுங்கள். மாவிலுள்ள குளூட்டன் என்ற புரத வலை ஓய்வெடுத்துத் தளர்வதால்தான் அப்படி விரிகிறது என்று பிறகு சொன்னால், அந்தப் பிள்ளை அதை ஆயுளுக்கும் மறக்காது. தன் அத்தாவின் கைத்தொழிலுக்குள் அறிவியல் இருப்பதையும் அன்றைக்கே காணும்.

சுங்கை கிளா வெந்நீர் ஊற்றுக்கு நாம் எல்லாரும் குடும்பத்தோடு போகிறோம். முட்டை அவிக்க அங்கே தனியிடமே இருக்கிறது. அதையே வீட்டில், பெரியவர் ஒருவர் அருகில் இருக்க, வெப்பமானியோடு செய்யலாம். 65 முதல் 68 பாகை வரை சூடான நீரில் ஒரு மணி நேரம் வைத்த முட்டையில் மஞ்சள் கரு கெட்டிப்பட்டிருக்கும், வெள்ளைக் கரு இளகியே இருக்கும். அடுப்பில் கொதிக்கவைக்கும்போது வெளியே உள்ள வெள்ளைதான் முதலில் வேகும். இங்கே தலைகீழாக நடக்கிறது! ஏன்? வெள்ளையிலுள்ள முக்கியப் புரதம் கெட்டியாக ஏறக்குறைய 80 பாகை வேண்டும். இந்த விடையை நாம் முதலிலேயே சொல்லிவிடக் கூடாது. பிள்ளை உடைத்துப் பார்த்துத் திகைக்கட்டும். அந்தத் திகைப்புதான் நமக்கு வேண்டியது.

இந்தப் பழக்கம் நமக்குப் புதிதும் அல்ல. பஸ்ராவில் சுமார் 965இல் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்ஹைதம், ஒளியைப் பற்றிய தம் நூலில் வெறும் வாதத்தோடு நிற்கவில்லை. ஒரு சிறு துளைக்கு எதிரே பல விளக்குகளை வைத்தார். இருட்டறைக்குள் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு தனி வெளிச்சப் புள்ளி விழுந்தது. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய புள்ளி மட்டும் மறைந்தது. ஒரே துளை வழியே வந்தாலும் ஒளிக்கதிர்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுவதில்லை என்று அதிலிருந்து காட்டினார். ஆயிரம் ஆண்டு கழித்து, 2015ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை ஒளியின் ஆண்டாகக் கொண்டாடியபோது அவருடைய நூலையும் நினைவுகூர்ந்தது. ஒரு காலணிப் பெட்டி, ஓர் ஊசித்துளை, மூன்று மெழுகுவத்தி இருந்தால் அதே சோதனையை இந்த மண்டபத்திலேயே செய்யலாம்.

இதனால் எதிர்காலம் மாறிவிடுமா என்று கேட்பவர்களுக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். ஒரு நாள் விழா எதையும் மாற்றிவிடாது. 2006இல் 'சயன்ஸ்' இதழில் ராபர்ட் தாய் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் எட்டாம் வகுப்பு மாணவர்களிடம், முப்பது வயதில் என்ன வேலையில் இருப்பாய் என்று கேட்டு, பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அந்த வயதிலேயே அறிவியல் துறை என்று சொன்னவர்கள், மற்றவர்களைவிட உயிரியல் சார்ந்த பட்டம் பெறும் வாய்ப்பு 1.9 மடங்காகவும், இயற்பியல், பொறியியல் சார்ந்த பட்டம் பெறும் வாய்ப்பு 3.4 மடங்காகவும் இருந்தது. பதின்மூன்று வயது ஆசை ஒன்றே பட்டம் வாங்கித் தந்துவிடாது; உழைப்பும் வசதியும் வேண்டும். ஆனால் அந்த வயதில் தன்னைப் பற்றிப் பிள்ளை வரைந்துகொள்ளும் படம் வெறும் கனவல்ல என்பது தெரிகிறது.

ஆகவே சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். பெரிய விழா வேண்டாம். மாதம் ஒரு சனிக்கிழமை காலை, இரண்டு மணி நேரம், இந்த மண்டபத்தில் நான்கு மேசை. பத்து முதல் பதினான்கு வயது வரையுள்ள அதே பிள்ளைகள், ஓராண்டு முழுவதும். பாதிப் பேர் பெண்பிள்ளைகளாக இருக்க வேண்டும்; மேசையில் கருவியைத் தொடுவது பையன், குறிப்பு எழுதுவது பெண் என்று பிரிக்கக் கூடாது. வெப்பமானி, சமையல் தராசு, பூதக்கண்ணாடி, அளவுகோல், ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் போதும். நம் குடும்பங்களில் தாதியர் இருக்கிறார்கள், மருந்தாளுநர் இருக்கிறார்கள், மின்பணியாளர், வாகனப் பட்டறைக்காரர் இருக்கிறார்கள். மாதம் ஒருவர் வந்து பிள்ளைகளோடு உட்காரட்டும். பேச வேண்டாம், அவர்களோடு சேர்ந்து செய்யட்டும். பாண்டுரா சொன்ன இரண்டாவது ஊற்று, தன்னைப் போன்ற ஒருவரைப் பார்ப்பது, அப்படித்தான் கிடைக்கும்.

பெற்றோர்களுக்கு இரண்டு விண்ணப்பம். பிள்ளையின் செய்பொருளை இரவு பதினொரு மணிக்கு நீங்கள் உட்கார்ந்து ஒட்டி முடிக்காதீர்கள். கோணலாக இருந்தாலும் அது பிள்ளையுடையதாக இருக்கட்டும். இரண்டாவது, பரிசு வாங்கினாயா என்று கேட்காதீர்கள். இன்றைக்கு எது நடக்கவில்லை, அதற்கு என்ன செய்தாய் என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்குக் காசு பணம் தேவையில்லை; கடையை அடைத்துவிட்டு வந்து சாப்பிட உட்காரும்போது கேட்டால் போதும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்குக் கடைசியாக ஒன்று. ராமேசுவரத்தில் சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர், பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் வரைந்து காட்டினார். பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. அன்று மாலையே அவர்களைக் கடற்கரைக்கு அழைத்துப் போய்ப் பறக்கும் பறவைகளைக் காட்டினார். அந்தக் கூட்டத்தில் நின்ற ஒரு சிறுவர்தாம் பின்னாளில் அப்துல் கலாம். தம் வாழ்க்கைக்கு வழிகாட்டியது அந்த மாலைதான் என்று அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். விளங்கவில்லை என்று அந்தப் பிள்ளைகள் வெட்கப்படாமல் சொன்னதால்தான் ஆசிரியர் அவர்களைக் கடற்கரைக்கு அழைத்துப் போனார். நீங்களும் சொல்லுங்கள். பெரியவர்கள் உங்களை அழைத்துப் போக வேண்டிய இடத்துக்கு அழைத்துப் போவோம்.

முதல் சனிக்கிழமைக்கு மாவும் முட்டையும் நான் கொண்டு வருகிறேன். மேசையைச் சங்கம் தரட்டும். பிள்ளைகளை நீங்கள் அனுப்புங்கள்.